பட்டியலில் ஏழாவது

விடியும்போதே வந்துவிட்டது பட்டியல்,
வாட்ஸ்அப்பில், சாய்ந்த படமாக.
இரண்டு விசைப்படகு, பதினொரு பேர்.
ஏழாவது பெயர்: றொமி, வயது முப்பத்து நான்கு.
அக்கரைத் தமிழ், வல்லின றகரம் போட்டிருக்கிறார்கள்.

தங்கச்சிமடம் இ-சேவை மையத்தில்
ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தேன்.
குனிந்து உள்ளே வந்த செலஸ்தீன்
போனை என் முகத்துக்கு நேரே பிடித்தாள்:
"இது அவுகதானா, பாருங்கக்கா."

ஆதாரில் அவன் ரெமி.
வாக்காளர் பட்டியலில் ராமி.
ரேஷன் அட்டையில் ரம்மி;
சீனிக்கு நின்ற வரிசையில்
சீட்டுக் கலைத்துக் காட்டாத ஆள் பாக்கியில்லை.
கோயில் பாடற்குழுவில் இருந்தபோது
ஆர்மோனியக்காரர் தினமும் கேட்பாராம்,
"ரெ வந்தாச்சு, மி வந்தாச்சு,
டோவை எங்கடா விட்டுட்டு வந்த?"

இத்தனை பேரில்
ஒருத்தனாவது வீடு திரும்ப வேண்டும்.

மேற்படி நபர்கள் யாவரும் ஒருவரே என
மனு எழுதலாம். அத்தாட்சி கேட்பார்கள்.
கோயில் ஏட்டைப் பார்த்து வா என்றேன்.

மதியம் கரண்ட் இல்லாத நேரத்தில் வந்தாள்,
ஞானஸ்நானச் சான்றை நெகிழிப்பையில் சுற்றி.
லத்தீனில் நீண்டு கிடந்தது அவன் பெயர்:
ரெமிஜியுஸ்.
இரண்டு சமயத்துப் பெண்கள்
விசிறி நின்ற அறையில்
அதை எழுத்துக் கூட்டி வாசித்தோம்.

அக்டோபர் ஒன்றில் பிறந்த பிள்ளை.
அந்த நாள் சிறுமலர் தெரேசாளுக்கு ஆகிவிட்டது.
பிறந்ததோ ஆண்.
காலண்டரில் அவளுக்கு இடம்விட்டு
ஓரமாய் ஒதுங்கி நின்ற பழைய புனிதரை
அப்போதைய சாமியார் கைகாட்டினார்.
பிரான்சு தேசம், ரேம்ஸ் பட்டணம்.
இருபத்திரண்டு வயதில் ஆயர்.
ராஜா ஒருவனைத் தலைகுனியச் சொல்லித்
தண்ணீர் ஊற்றியவர்.
பூச எண்ணெய் இல்லாமல் கை நின்றபோது
புறா ஒன்று குப்பியைக் கவ்வி வந்ததாம்.

"எங்க மாமா வேற சொல்லுவாக"
என்றாள் செலஸ்தீன்.
வாடைக்காற்றில் ஒரு நாள்
பாம்பன் பாறையில் ஒதுங்கியது
கப்பல்காரன் சரக்குப் புட்டி, கால்வாசியோடு.
ஒட்டியிருந்த தாளில் முதல் சொல் ரெமி.
குடித்துவிட்டு வந்த கையோடு
பிள்ளையைத் தூக்கி அப்படியே கூப்பிட்டார்.
சாமியார் புனிதரைத் தேடியது
அதற்குப் பிறகுதான், மானத்தைக் காக்க.

புறா கொண்டு வந்ததோ
நீவாடு கொண்டு வந்ததோ,
குப்பி என்னவோ குப்பிதான்.

எங்கள் வீட்டில் பெயரென்றால்
முதலில் பொருள் கேட்போம்.
கேட்டேன்.

"தண்டு வலிக்கிறவனாம்.
சாமியார் சொன்னாரு.
அவுக எஞ்சின் டிரைவருக்கா,
தண்டைத் தொட்டதே கெடையாது"
என்று சிரித்தாள்.
சிரிப்பு பாதியில் தட்டி நின்றது.

வலிக்கிறவன்.
தமிழில் அந்தச் சொல்லுக்கு
இரண்டு கரை இருக்கிறது.
போன தடவை பிடித்தபோது
விலாவில் வாங்கியதை
மூன்று மாதம் அவளிடம் மறைத்தானாம்.

கரண்ட் வந்தது.
தட்டச்சு செய்தேன்: ரெமிஜியுஸ் என்கிற ரெமி
என்கிற ராமி என்கிற ரம்மி என்கிற றொமி.
ஒவ்வொரு என்கிறவுக்கும்
அவள் தலையாட்டிக்கொண்டிருந்தாள்,
செபமாலை உருட்டுகிற மாதிரி.

தொழில் என்ற கட்டம் வந்தது.
பெயரிலேயே எழுதியாயிற்றே என நினைத்தேன்.
இருந்தாலும் 'மீன்பிடி' என்று அடித்து
இரண்டு முறை சரிபார்த்தேன்,
இதிலாவது பிழை வேண்டாம்.

"எவ்வளவுக்கா?"
பிரிண்டுக்கு முப்பது.
ஐம்பது ரூபாய்த் தாளை நீட்டிவிட்டு
மீதிக்கு நின்றாள்.